மாலையும் விளக்கும் போட்ட ஸ்லைடு

என் அருமை மச்சான் சம்பந்தத்துக்கு,

நீ போய் இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். பல் பிடுங்க மருந்து போட்ட ஈறு மாதிரி கிடக்கிறது மனசு. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. உன் தங்கை என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

விழுப்புரத்தில் நம் விளம்பர நிலையத்தைத் தினமும் திறக்கிறேன். தூரிகைகளைக் கழுவுகிறேன். உன் சாய்வு நாற்காலி அதே இடத்தில், வெறும் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறது.

உன் தொழில் என்னவென்று ஊருக்குப் புரியவைக்கக் கடைசிவரை நம்மால் முடியவில்லை, இல்லையா? நான் வரைகிறவன். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆள் கணக்கெடுக்க வந்தவர் உன்னைக் கேட்டபோது "யோசிக்கிறேங்க" என்றாய். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "சார், தொழிலு இன்னான்னு கேட்டேன்" என்றார். "அதாங்க தொழிலு. கடைக்காரனுக்காக நான் யோசிப்பேன், மச்சான் வரைவாரு." அவர் என்னை ஓவியர் என்று எழுதிக்கொண்டார். உன்னை வேலையில்லாதவர் என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க உன் தங்கை சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒண்டிக்கட்டை அண்ணனுக்கு இரண்டு வேளை சோறு போடுகிறவள் அவள்தானே, அவளுக்குச் சிரிக்க உரிமை உண்டு.

வேலையில்லாதவனா நீ? விடிந்ததும் ஜங்ஷனுக்குப் போவாய். ரயில் ஏறுவதற்கு இல்லை. சுவர் விளம்பரத்துக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், யார் நிற்காமல் போகிறார்கள் என்று பார்ப்பதற்கு. டீ குடிக்க ஒரே கடைக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போகமாட்டாய். ஒரே கடையில் ஒரே பேச்சுதான் கிடைக்கும் என்பாய். பிறகு வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். பையில் பேனா இருக்காது. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதும் ஒரு வரி ஞாபகம் இருந்தால்தான் அது வரி. "நமக்கே மறந்து பூடுச்சின்னா, கடத்தெருவுல போறவனுக்கு எப்பிடிய்யா ஞாபகம் இருக்கும்?"

முதலில் தோன்றியதை நீ வைத்துக்கொண்டதே இல்லை. அது எல்லாருக்கும் தோன்றும் என்று தூக்கிப் போட்டுவிடுவாய். நான் வரைந்து முடித்த பிறகு தூக்கிப் போட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

வெள்ளிக்கிழமைதோறும் திண்டிவனத்துக்குப் பாசஞ்சரில் போவோம். புதுப் படம் போடுகிற நாள். டென்ட் கொட்டகையில் படத்துக்கு முன்னால் நம் விளம்பர ஸ்லைடுகள் ஓடும். கண்ணாடியில் நான் வரைந்தது அவ்வளவு பெரிதாகத் திரையில் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசை. நீயோ திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்காருவாய். ஜனங்களின் முகத்தைத்தான் பார்ப்பாய். படம் ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவாய். டிக்கெட் கிழிப்பவர் உனக்கு வைத்த பெயர் டைரக்டர். கொட்டகைக்கே நீ டைரக்டர்தான், ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காத டைரக்டர்.

அந்த வாசலில் வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிற பச்சையம்மாவிடம் ஒவ்வொரு ஸ்லைடையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவாய். அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. இந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் ஸ்லைடு தேறியது.

ஒரே ஒரு தடவைதான் நீ ஏமாந்தாய். எண்ணெய் ஆலை முதலாளி தன் படத்தையே ஸ்லைடில் போடச் சொன்னார். கோயில் திருவிழாவில் மாலை மரியாதையோடு எடுத்த படம். எண்ணெய்க் கடை விளம்பரத்தில் எண்ணெய் எங்கே என்று கேட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கை எரியவைக்கச் சொன்னாய். நானும் அழகாக எரியவைத்தேன். பச்சையம்மா பார்த்துவிட்டு, "உச்... பெரிய மனுசன் போல. நல்ல களையான மொகம்" என்றாள். நீ பூரித்துப் போனாய்.

மறுநாள் காலை முதலாளியின் தங்கை கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ் ஏறி, தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். முதலாளி வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கே விழுப்புரத்துக்கு வந்து அவர் போட்ட சத்தம்! "யோவ், உயிரோட இருக்கிறவனுக்கு மாலய போட்டு வெளக்கயும் ஏத்திட்டீங்களேய்யா! ஊட்ல ஒரே பேஜாரா போச்சி!"

நீ கண்ணைத் திறந்து, "எல்லாரும் வந்து அழுதாங்களாங்க?" என்றாய்.

"அழுதாங்கய்யா!"

"அப்ப ஸ்லைட ஒருத்தர் உடாம பாத்திருக்காங்க."

அவர் சிரித்துவிட்டார். அதோடு விட்டாயா? அந்த ஸ்லைடை எடுக்காதே என்றாய். அதற்கு அடுத்ததாக இன்னொன்று வரையச் சொன்னாய். அதே முதலாளி, வாய் நிறைய வடை, கீழே, "நம்ம எண்ணெயில் சுட்ட வடை. நான் நல்லா இருக்கேன், நீங்க?" முதலில் மாலையும் விளக்கும். கொட்டகை கப்சிப். அடுத்து வடை. விசில் பறக்கும். நயா பைசா வந்த வருஷம் ஆரம்பித்தது, நாலைந்து தீபாவளி ஓடியது. கடைசியில் மாலையைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். திண்டிவனம் கடைத்தெருவில் சௌக்கியமா என்று கேட்டால், "வட துன்னுக்கினு இருக்கேன்" என்று பதில் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நீ போன அன்று காலையும் கண்ணை மூடித்தான் சாய்ந்திருந்தாய். நீ யோசிக்கும்போது கூப்பிடக்கூடாது என்பது நம் நிலையத்தின் சட்டம். உன் தங்கை காப்பியைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். நான் ஜவுளிக்கடைப் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மச்சான், முந்தானைக்குப் பச்சையா, சேப்பா?" என்று கேட்டேன். நீ பேசவில்லை. உன் இஷ்டம் என்று எடுத்துக்கொண்டு பச்சையைத் தீட்டினேன். முழு முந்தானையும் தீட்டி முடித்தேன். நீ எந்நேரம் போனாய் மச்சான்? நான் கேட்டபோது இருந்தாயா?

பிறகு எண்ணெய் ஆலை முதலாளி வந்தார். தோளில் துண்டு இல்லை, கண் சிவந்திருந்தது. "டைரக்டருக்கு ஒரு ஸ்லைடு போடணும். கொட்டகையில சொல்லிட்டேன். வர்ற வெள்ளிக்கிழம. நீதான் வரையணும்" என்றார். சரிங்க என்றேன். உனக்காகச் செய்ய எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைக் கெடுத்துவிடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

யோசித்துக் கொடுக்க நீ இல்லை. ஆழ்ந்த அனுதாபம் என்று முதலில் தோன்றியது. எல்லாருக்கும் தோன்றுவது, தூக்கிப் போட்டேன். இரண்டாவது ஒன்றும் வரவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்ற உன் ஒரு பேச்சுதான் காதில் நின்றது. ஒரு மனுஷன் போய்விட்டான் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? உன் முகத்தை வரைந்தேன். மாலை போட்டேன். பக்கத்தில் விளக்கு. கீழே உன் பெயர் மட்டும். பழைய ஸ்லைடு என் நினைவுக்கே வரவில்லை, நம்புவாயா? கைதான் வரைந்தது. நான் அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். வாசலில் பச்சையம்மாவிடம் காட்டாமல் உள்ளே போய்விட்டேன். உன்னைப் போலவே திரைக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, முகங்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று. சோப்பு ஸ்லைடு போயிற்று, சைக்கிள் கடை போயிற்று. பிறகு எல்லா முகத்திலும் ஒரே மாதிரி மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. உன்னுடையது.

"டேய், நம்ம டைரக்டருடா!" என்றது ஒரு குரல். ஒருவன் சிரித்தான். பெஞ்சு சிரித்தது, பெண்கள் பக்கம் சிரித்தது, கொட்டகை முழுக்க விசில். சிரித்துவிட்டு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அடுத்த ஸ்லைடுக்காகக் காத்திருந்தார்கள்.

நானும் திரும்பிப் பார்த்தேன் மச்சான். வரைந்தவனே நான். அடுத்தது இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். திரை வெளுத்தது, படம் ஆரம்பித்துவிட்டது.

எழுந்து வெளியே வந்தேன். திறந்திருந்த படுதா வழியாகப் பச்சையம்மாவும் பார்த்திருக்கிறாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "இன்னா சாமி, டைரக்டரு வட துன்றத காணோம்? அத்த எங்க?"

"இல்லம்மா," என்றேன். "இது நெசம்."

என் வாயால் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அந்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள். நான் மல்லாட்டைச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

சாக்கைவிட்டு எழுந்ததும் மறுபடியும் மரத்துப்போய்விட்டது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். நிலையத்தை மூடமாட்டேன். வெள்ளிக்கிழமை திண்டிவனம் போவேன், முகங்களைப் பார்த்துவந்து உனக்குச் சொல்வேன். ஆனால் உன் சட்டம் ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். இனி அந்த நாற்காலியில் யார் கண்ணை மூடிச் சாய்ந்தாலும், எப்பேர்ப்பட்ட யோசனை கெட்டுப்போனாலும், தோளைத் தொட்டுக் கூப்பிடுவேன். அவர் கோபித்துக்கொண்டு திட்டுகிறவரைக்கும் கூப்பிடுவேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
கோதண்டம்