இடது கண்ணில் வழிந்த தண்ணீர்

அண்ணி,

இன்று காலை களத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சுதந்திரம் வந்த பிறகு குன்னத்தில் நாம் எடுக்கும் இரண்டாவது வெங்காயம் இது. உங்கள் கண்ணைப் பற்றி உங்களிடமே பேச வேண்டும் போலிருக்கிறது.

யுத்த காலத்தில் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம் அல்லவா? நிலத்தில் தகராறு இல்லை. இருந்த ஒரே கிணற்றில்தான் முட்டிக்கொண்டது. எட்டு நாளில் நாலு நாள் தண்ணீர் எனக்கு என்று ஒற்றைக்காலில் நின்றேன். அண்ணனோ ஆறு நாள் தனக்கு என்றார். நீங்கள் மோர் கொண்டுவந்து எங்களுக்கு நடுவே உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் இடப்பக்கம். உங்கள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர் அழுகிறாரே என்று மனசு கேட்கவில்லை. "ஆறு நாளும் அண்ணனே எடுத்துக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். மறு கண்ணும் நனைந்திருக்கிறதா என்று பார்க்க இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த பட்டத்தில் என் வெங்காயம் தண்ணீரில்லாமல் சுருண்டது. அழுதே சாதித்துவிட்டீர்கள் என்று உள்ளுக்குள் கறுவினேன். உங்களை நேரில் பார்த்தால் சிரித்துப் பேசுவேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாளாக ஆக உங்கள் இடது கீழிமை வெளிப்பக்கம் தொங்கி, உள்சிவப்பு தெரிய ஆரம்பித்தது. எந்நேரமும் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். விளக்கெண்ணெய் விட்டும் கேட்கவில்லை. பார்வையும் மங்கியது. ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பார்கள் என்றதுமே அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டதால், நான்தான் உங்களைப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் திருச்சிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "வயசானா எமை தளந்துபோகும். கயித்துக் கட்டில் தொய்ஞ்சா இழுத்துக் கட்டுறீங்கல்ல, அதுபோலத்தான். துளி எடுத்துட்டு இழுத்துத் தச்சிடலாம். இப்படியே வுட்டா கருவிழி காஞ்சு பார்வை போயிடும்."

ஆபரேஷன் அறை வாசலிலேயே நான் நின்றுகொண்டேன். ஊசி போட்டு மரத்த இமையில் கத்தி வைத்தபோதும் நீங்கள் அசையவில்லை. "அந்தம்மா தைக்கிறத பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி, நூலு தலமுடியவிட மெலிசு" என்று பிறகு சொன்னீர்கள். கட்டு அவிழ்த்த அன்று உங்கள் இடது கன்னம் காய்ந்திருந்தது. மனுஷக் கை இதைச் செய்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டீர்கள்: "பாகம் பிரிச்ச அன்னிக்கு ஏன் சட்டுனு எந்திரிச்சிட்டீங்க?"

"நீங்க அழுதீங்களே அண்ணி."

பெரம்பலூர் வரும்வரை காய்ந்திருந்த இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனைக் கூப்பிட்டீர்கள். "என்னங்க, நான் அழுவுறேன்னு நெனச்சுத்தான் தம்பி தண்ணி முறைய வுட்டுக்குடுத்திருக்காரு. நான் அழுவல. எமை தளந்து வழிஞ்ச தண்ணி அது. அதக் காட்டி வாங்குன கெணத்துத் தண்ணி நமக்கு வேணாம். நாலு நாள் அவருக்கு வுடுங்க."

"அப்ப நம்ம வயலு காயட்டுங்கிறியா?" என்று அண்ணன் கத்தினார்.

"காயட்டும்."

தையல் தழும்பு இன்னும் சிவந்திருந்த அந்தக் கண்ணால் அவரை நேராகப் பார்த்தீர்கள். டாக்டரம்மாவின் கையைப் பார்த்து வியந்தவன், அன்று உங்களைப் பார்த்து மலைத்துப்போனேன். யாரும் கேட்காத ஒரு உண்மையை, உங்கள் வயல் காயும் என்று தெரிந்தே சொன்னீர்கள். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்த அண்ணன், மூன்றாம் நாள் அவரே மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டார். இன்றுவரை நாலு நாள் எனக்கு, நாலு நாள் அவருக்கு.

இன்று காலையில் அவரும் களத்துக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தவர், "என்னடா, வெங்காயக் காரமா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார். ஆனால் அரிவாளைக் கீழே வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இல்லண்ணே," என்றேன். "அழுவுறேன்."