பைக்காராவில் ஒரு படுக்கை

அருவங்காடு,
மே 3, 2025

அன்பு ஜெயஸ்ரீ,

இது உன் கைக்கு வரும்போது பிக்கட்டியில் சாந்தாமணி அக்கா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். நானும் இங்கே காலை நீட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன், மாவுக்கட்டோடு.

அக்கா என் அண்ணிக்குச் சொந்தம். வீட்டுக்காரருக்குக் குந்தா கரண்ட் ஆபீசில் வேலை. கேட்காமலே அக்கா சுடுதண்ணீர் வைத்துத் தருவார். சீசன் நேரத்தில் இந்த மலையில் தங்க இடம் பிடிப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியாது. போனிலேயே எத்தனை பேரிடம் கெஞ்சினேன்!

பார்சலில் அவல், பருப்புப் பொடி, கடலை மிட்டாய், உனக்குப் பிடித்த வர்க்கி, கொப்புளத்துக்கு பிளாஸ்டர் எல்லாம் இருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பதிலைக் கண்டக்டரிடமே கொடுத்துவிடு. அவசரத்துக்குத்தான் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று நாம் இருவரும் பேசி வைத்ததை நீ மாற்றாதது சந்தோஷம்.

குன்னூரிலிருந்து கூடலூர் வரை நடந்தே போவது என்று எத்தனை வருஷமாகத் திட்டம் போட்டோம். கிளம்பும் சமயத்தில் நான் ஃபேக்டரி படியில் விழ வேண்டுமா? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்பாய் என்றுதான் நினைத்தேன். உன் ஸ்கூலுக்குப் புதிதாக வந்த சுகந்தி டீச்சரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கோபம் இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே. இல்லைதான்.

அவள் நன்றாக நடக்கிறாளா? உன் வேகத்துக்கு எல்லோராலும் நடக்க முடியாது.

உன்
மஞ்சு

*

பிக்கட்டி,
மே 4

என் மஞ்சு,

சுடுதண்ணீர் மட்டுமா? ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டு எங்களை அசையவிடாமல் செய்துவிட்டார் அக்கா. உன்னைப் பற்றியே பேச்சு. உன் புண்ணியத்தில் எங்களுக்கு ராஜ மரியாதை.

சுகந்தியைப் பற்றிக் கேட்டாய். எனக்கு மூச்சு வாங்கும்போது அவள் பாடிக்கொண்டு ஏறுகிறாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள் இல்லையா! தேயிலைக்குள் எந்தத் தடம் எங்கே போய் முடியும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறாள். என் காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுத்ததும் அவள்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிக்காதே.

ஒரு உதவி. கம்பி வேலியில் மாட்டி அவள் ரெயின்கோட்டு கிழிந்துவிட்டது. சாயங்காலமானால் மழை. நீ இந்த நடைக்கென்று வாங்கினாயே ஒரு நீலக் கோட்டு, அதை நாங்கள் அடுத்துத் தங்கும் எமரால்டுக்கு அனுப்பி வை. நீ இப்போது போடப்போவதில்லையே. அவளுக்குச் சரியாக இருக்கும்.

காலை ஊன்றாதே. டாக்டர் சொன்னதைக் கேள்.

உன்
ஜெயஸ்ரீ

*

அருவங்காடு,
மே 5

அன்பு ஜெயஸ்ரீ,

கடிதம் கிடைத்தது. நீ இவ்வளவு சிரித்து எழுதி நான் பார்த்ததில்லை. போன வருஷம் லாம்ப்ஸ் ராக்குக்கு நாம் போனபோது உனக்கு அட்டை கடிக்கவில்லையா? அதையும் ஒருத்திதான் எடுத்தாள். அவள் பாடவில்லை, அவ்வளவுதான்.

கோட்டு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இவரைத் தேடச் சொன்னேன், கிடைக்கவில்லை. எமரால்டில் கடைகள் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பைக்காராவில் லூயிஸ் அண்ணன் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடமாம். சீசன், என்ன செய்வது? வேறு எங்கும் கிடைக்கவில்லை. சுகந்தி வேண்டுமானால் ஊட்டியிலிருந்தே பஸ் ஏறிவிடலாம். சின்னப் பெண், இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. அதற்கப்புறம் நீ தனியாக நடந்தால்தான் என்ன? நம்ம திட்டத்தில் மூன்றாவது ஆள் என்று யாரும் கிடையாது.

பார்சலில் உனக்குச் சாக்ஸ் வைத்திருக்கிறேன்.

மஞ்சு

*

பைக்காரா,
மே 8

மஞ்சு,

நேற்று ஊட்டியைத் தாண்டியதும் பிடித்த மழை, இங்கே வந்து சேரும்வரை விடவில்லை. எமரால்டில் கோட்டு கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நடந்தாள் சுகந்தி. ஊட்டியில் பஸ் ஏறச் சொன்னேன். உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிங்க்கா போறது என்று வந்தாள். ஒரு படுக்கையில் இரண்டு பேரும் ஒண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

லூயிஸ் அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்துப் போனார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்க, உங்க ஃப்ரெண்டு மொதல்ல ரெண்டு பேருக்குன்னுதான் சொன்னாங்க. அப்பறம் அவங்களே போன் பண்ணி, ஒருத்தருக்கு இருந்தாப் போதும்னுட்டாங்க. அதான் பெரிய ரூமைப் போட்டிங்குக்கு வந்தவங்களுக்குக் குடுத்துட்டேனுங்க."

எங்களுக்கு இருந்தது சமையலறையை ஒட்டிய ஒரு கட்டில். அவளுக்கு உடம்பு கொதித்தது. அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் குன்னூர் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறும்போது கூட என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டாள், நடையைக் கெடுத்துவிட்டேன் என்று.

உன் கோட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருக்கும். நீ அங்கே வைத்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

நான் தனியாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். நடக்கிறேன். நடுவட்டத்தில் நானே விசாரித்து ஓர் இடம் பிடித்துவிட்டேன். கால் கொப்புளம் ஆற ஞாயிறு வரை அங்கே இருப்பேன். பார்சல் அனுப்ப வேண்டாம்.

ஜெயஸ்ரீ

*

அருவங்காடு,
மே 10

ஜெயஸ்ரீ,

நீ எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்சல்தான் வேண்டாம் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை சுகந்தியின் ரூமுக்குப் போனேன். இவர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். கதவைத் திறந்தவள் பதறிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது. முகம்தான் வாடியிருக்கிறது.

காப்பி போட்டுக் கொடுத்தாள். பிக்கட்டியில் இடம் பார்த்துக் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். பைக்காராவில் லூயிஸ் அண்ணன் கணக்குத் தெரியாமல் ரூமை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். என்னைக் காப்பாற்ற நீ அவளிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அடுத்த வாயிலேயே, ஜெயஸ்ரீ அக்கா தினமும் போன் பண்ணிக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் என்றாள். எனக்குக் கண்டக்டர் கொண்டுவரும் காகிதம், அவளுக்குத் தினமும் உன் குரல். காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த எரிச்சலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், நல்ல மனசில் இல்லை.

"லூயிஸ் அண்ணன் ஒண்ணும் பண்ணலைங்க டீச்சர். நான்தான் ஒரு படுக்கை போதும்னு சொன்னேன். நீங்க திரும்பி வந்துரணும்னு."

அவள் ஒரு தலையணையை எடுத்து என் காலுக்கடியில் வைத்தாள். பிறகு, "தெரியுங்க்கா. அவர் சொல்றப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் தலை தொவட்டிட்டு இருந்தேன். எனக்குக் கேட்டது ஜெயஸ்ரீ அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

தெரிந்துமா எனக்குக் காப்பி போட்டீர்கள் என்று கேட்டேன். இந்தக் காலோடு படியேறி வந்திருக்கிறீர்களே என்றாள்.

எனக்கு அங்கே உட்காரவே கூசியது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

ஜெயஸ்ரீ, உன்னோடு நடக்க முடியாததற்காக நான் ஒரு நாளும் அழவில்லை. நான் இல்லாமலும் உனக்கு அந்த நடை நன்றாக இருந்தது பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழையில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று அவசரமில்லை.

நாளை முதல் பஸ்ஸில் அவள் நடுவட்டம் வருகிறாள். நான் அனுப்பவில்லை, கேட்டேன். கீழே இறங்குகிற வழிதானே, முடியாவிட்டால் பாதியில் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்று சம்மதித்தாள். நீலக் கோட்டு அவளிடம் இருக்கிறது. கூடலூரில் இரண்டு பேருக்கு இடம் சொல்லிவிட்டேன். நம்பிக்கை இல்லையென்றால் நீயே போன் செய்து கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தைச் சாயங்காலம் இவரிடம் அவளுக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

மெதுவாக இறங்குங்கள். வழியில் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் படிப்பேன். படித்தால் திரும்பவும் எரியும். போய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் ஒரு வரி போடு, போதும்.

மஞ்சு