அம்மா கேட்ட அழுகை

கார்த்திகை, செவ்வாய் இரவு.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் மரபணுப் பரிசோதனை செய்தேன். இன்று முடிவு வந்தது. ஆபரேஷனில் தசை தளர்வதற்காகப் போடும் ஒரு மருந்து என் உடம்பில் சீக்கிரம் கரையாதாம். நினைவு வந்த பிறகும் இமைகூட அசையாமல் கிடக்க நேரலாம் என்றார் டாக்டர். அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அம்மா பித்தப்பை ஆபரேஷன் முடிந்து நெடுநேரம் எழவில்லை. வால்பாறைப் பனிமூட்டத்தில் மிதந்தது போல இருந்தது, ஆனால் சுற்றிலும் பேசியதெல்லாம் கேட்டது என்று பிறகு சொன்னாள். கனவு என்று சொல்லிவிட்டோம்.

சாயங்காலம் சூலூரில் அம்மாவுக்குப் போன் செய்தேன். இனி எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை.

"அப்ப நாங் கேட்டது நெசந்தானா கண்ணு?"

"நெசமாத்தாம்மா இருக்கோணும்."

 போனைக் காதில் வைத்தபடியே பக்கத்திலிருந்த அப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அன்னிக்கு எங் கையப் புடிச்சுட்டு அழுதது நீங்கதானுங்களா?"

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அவரோ, "ஆமா அம்மணி" என்றார்.

போனை வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் மனமில்லை. அவர்கள் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, அன்று அம்மா கிடந்தது போல அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.