ஐரின் பாடிய பிரெஞ்சுப் பாட்டுகள்

திண்டுக்கல்

அன்பு மகள் ஐரினுக்கு, அம்மா எழுதுவது. மிச்சமிருக்கிற நாங்கள் இங்கே ஆண்டவர் தயவில் சுகம், அங்கே பாரிஸ் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி பிரான்சிஸுக்கு நத்தத்து மாந்தோப்புக் குத்தகை இந்த வருஷம் சரியில்லை, பூ நிறைய எடுத்தும் பனியில் கொட்டிவிட்டது. அவன் பெண்டாட்டி மகேஸ்வரிக்கு ஆறாம் மாதம், புளிப்பைத் தவிர தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் முழங்கால் வலியோடு தினமும் வந்து செத்த நேரம் என்னோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். நிற்க, நீ பாடிய சிடியை வைத்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது.

வீட்டில் சிடி போடுகிற பெட்டி இல்லை, மைக் செட் கடை மதியழகனிடம் பழைய பிளேயர் ஒன்றை வாங்கிவந்து பிரான்சிஸ் ஹாலில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் அத்தை சகாயமேரி, அவள் வீட்டுக்காரர், குர்ஷித் எல்லோரும் வந்துவிட்டார்கள். அட்டையில் நீ முடியை வெட்டிக்கொண்டு நிற்கிறாய், பக்கத்தில் பியானோ வாசிக்கிற அந்த வெள்ளைக்காரர். உள்ளே பிரெஞ்சில் இருந்ததைப் பிரான்சிஸ் போனில் காட்டித் தமிழாக்கி, ‘என் அப்பா மிக்கேல்ராஜுக்கு’ என்று வாசித்தான். அத்தை அழுதாள், எனக்கு வரவில்லை. முதல் பாட்டிலேயே அவள், “கோயில் பாட்டு மாதிரியும் இல்ல, சினிமாப் பாட்டு மாதிரியும் இல்ல, என்னத்தப் பாடுறா இவ” என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். குர்ஷித் மட்டும், “ஒண்ணும் புரியலக்கா, ஆனா நெஞ்சப் புடிச்சு இழுக்குது” என்றாள். ஒரு பாட்டு நிலாவைப் பற்றியதாம், ஒன்று பழைய தோட்டமாம், ஒன்று புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிறவள் பாடுவதாம். நன்றாகத்தான் பாடியிருக்கிறாய் ஐரின், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் போன பிறகு மறுபடியும் போட்டேன், ஓர் இடத்திலாவது உன் குரல் உடைந்திருக்கும் என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். எங்கேயும் இல்லை. மூச்சைக்கூட அளந்து விட்டிருக்கிறாய். நீ மூச்சு எடுக்கும்போதெல்லாம் பியானோக்காரர் கையைத் தாமதித்து உனக்காகக் காத்திருக்கிறார், சங்கீதம் தெரியாத எனக்கே அது கேட்டது. உனக்காக ஒருவர் காத்துக் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

இதுவரை உன்னிடம் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்து, பிள்ளைகளை வரச்சொல்லுங்கள் என்றதும் பிரான்சிஸ் உன்னைக் கூப்பிட்டான். “பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஸ்டுடியோ புக் பண்ணியாச்சுடா, பியானோ வாசிக்கிறவரு வேற நாட்டுல இருந்து வந்துட்டாரு, நாலே நாளு, முடிச்ச கையோட ஏறிடுறேன், அப்பா இருப்பாருடா” என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், வராந்தாவில் நின்று நானும் கேட்டேன். உள்ளே போனதும் அப்பா, “பாப்பா பிளேன் ஏறிட்டாளா” என்றார். ஏறிட்டா என்றேன். நீ சொன்னதை அப்படியே அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது. அந்த நிமிஷத்திலிருந்து சாக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். “தாடியோட பாத்தா புள்ள பயந்துக்கும்” என்று பிரான்சிஸைச் சவரம் பண்ணச் சொன்னார். நர்ஸ் வலிக்கு ஊசி போட வந்தால், “வேணாம் தாயி, தூங்கிருவேன், மக வார நேரத்துல தூங்கிட்டுக் கெடந்தா நல்லாருக்காது” என்று கையை இழுத்துக்கொண்டார். ஊசி இல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் ஐரின். பல்லைக் கடித்து உதடு கிழிந்துவிட்டது. நடுவில் நடுவில், மெட்ராஸ் வந்துட்டாளா, மதுரைக்கு வந்துட்டாளா என்று கேட்டார். கதவைப் பார்த்தபடியே போனார். அந்தக் கண்ணை மூடப் பிரான்சிஸ் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ சொன்ன நாலு நாள் முடிவதற்குள், வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு வந்தாய். கல்லறையில் விழுந்து புரண்டாய், தெருவே உன்னைத் தேற்றியது, நானும் “பரவால்ல தாயி, ஒன் வேல அப்புடி” என்றேன். பந்தலில் ஆட்கள் இருந்தார்கள், சொன்னேன். இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ பியானோ கற்றுக்கொண்ட கான்வென்ட் வாசலில் வெயிலில் சைக்கிளோடு நின்றவர் அவர், உள்ளே வந்து உட்காருங்கள் என்று சிஸ்டர் கூப்பிட்டாலும் செருப்பில் மண் இருக்கிறது என்று வர மாட்டார். அந்த மனுஷர் பெயரை அட்டையில் போட உனக்கு எப்படிக் கை வந்தது. பிரான்சிஸ் இதையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறான், “அவ ஒடஞ்சு போயிருவாம்மா” என்கிறான். உடைய மாட்டாய். உன் குரலைத்தான் கேட்டேனே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஐஸ் தண்ணீர் குடிக்காதே, வெளியே போனால் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள், தொண்டை கெட்டுவிடக் கூடாது, அதற்காகத்தானே இவ்வளவும். பிரசவத்துக்கு வருவதாக மகேஸ்வரியிடம் சொன்னாயாம், அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். வருகிறேன் என்று இந்த வீட்டில் இனி யாரிடமும் சொல்லாதே, வந்து நின்றால் போதும். உன்னை நான் சபிக்கவில்லை, மாதா உன்னைக் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றே ஒன்றை மறக்காமல் எழுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவைக் குழியில் இறக்கும்போது நீ எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாய், எத்தனையாவது பாட்டு என்று சொன்னால் போதும், நான் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பிளேயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று பிரான்சிஸிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஜெயமேரி