தலைகீழ்க் காசு

தங்கச்சிக்கு,

நேற்று உன் வீட்டில் சாப்பிடும்போது, பன்னிரண்டு வருடம் கழித்தும் அந்த ஆஸ்பத்திரி போனைத் திட்டினாய். "பாழாப்போன போன், அன்னைக்குன்னு பார்த்தா கெட்டுப்போகணும்?" நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

அந்த போன் கெடவே இல்லை.

அம்மா கண் திறந்ததும் நர்ஸ், "பேச்சு வருது, உங்க தங்கச்சியைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று என்னை விரட்டினாள். கீழே இருந்த காசு போடும் போனுக்கு ஓடினேன். சட்டைப்பையில் ஒரே ஒரு காசுதான் இருந்தது. போனில் போடுமுன், பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் தலை நேராக இருக்க, மறுபக்கம் எண் தலைகீழாக நின்றது. அச்சடித்தபோதே நேர்ந்த பிழை. என் நாணய ஆல்பத்தில் அப்படியொரு காசுக்கென்று ஓர் இடத்தைப் பல வருடமாகக் காலியாக வைத்திருந்தேன்.

உள்ளே போட மனசு வரவில்லை. வேறு சில்லறைக்கு அலைந்தேன். உன்னைக் கூப்பிட்டபோது அரை மணி நேரம் ஓடிவிட்டது. நீ வந்ததோ, அம்மா போய்ப் பத்து நிமிடம் கழித்து.

காசு இந்த உறைக்குள் இருக்கிறது. என்ன வேண்டுமானாலும் செய்.

இன்னும் ஒன்று. கடையில் சில்லறை கிடைக்காமல், அம்மாவின் பையில் தேட மேலே வந்தேன். "சின்னவ கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்காம்மா" என்றேன், அந்தக் காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு.

அம்மா மெல்ல நகர்ந்து, கட்டிலில் நீ உட்கார இடம் விட்டாள்.

உன் அண்ணன்