சிரித்தால் தையல் இழுக்கும்

வல்லம் வடகால்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், தையல் போட்ட என் வயிறும் சுகம், வாசலில் உன் அம்மா வைத்துவிட்டுப் போன முருங்கைதான் கொஞ்சம் இளைத்திருக்கிறது. அங்கே பூனாவில் நீயும் உன் பித்தப்பையும் அதற்குள் குடியிருக்கிற கல்லும், பிரியப்போகிற நாள்வரைக்கும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கவேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா, மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் கூரியர். ஆபரேஷனுக்கு முன்னாடியே படித்துவிடு. பிறகு படித்துச் சிரித்தால் தையல் இழுக்கும், பட்டவன் சொல்கிறேன்.

போன ஆடியில் குடல்வால் வெடித்து நான் ஒரகடம் ரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கூட ஆள் இருக்குதும்மா, நீ லீவு போடாதே" என்று உன்னிடம் புளுகியதும், அது தெரிந்து நீ திட்டிய திட்டும் ஞாபகம் இருக்கும். ஆள் எங்கே இருந்தது? நம் தெரு உனக்குத் தெரியாததா. பக்கத்து வீடு காலை ஷிப்ட், எதிர்வீடு மதிய ஷிப்ட், மாடியில் இருக்கிற பெண்கள் நைட் ஷிப்ட். தெரு நிறைய ஜனம், ஆனால் ஒருத்தர் முழித்திருக்கும்போது இன்னொருத்தர் தூங்குகிறார். நான் போய்ச் சேர்ந்தால் தூக்குகிற நாலு பேருக்கும் ஓவர்டைம் கொடுத்துத்தான் கூப்பிடவேண்டும். உன் அம்மா இருந்தவரைக்கும் எனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது, நேரத்துக்குத் தானாக நிரம்பிவிடும். இப்போது அது ஒன்றுதான் வீட்டில் என்னோடு பேசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது மூக்குத்தி, மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போ, நகப்பூச்சையும் அழித்துவிடு. நீ போட்டுக்கொள்கிற மாத்திரை, தலைவலிக்கு விழுங்குவது உட்பட, ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிடு. சாப்பிடாதே என்று சொன்ன நேரத்திலிருந்து ஒரு வாய் காபிகூடக் கூடாது. நீளமான ஒயர் வைத்த சார்ஜர், குனியாமல் மாட்டுகிற செருப்பு, இடுப்பில் இறுக்காத நைட்டி, இதெல்லாம் பையில் இருக்கட்டும். வலி வந்தால் பல்லைக் கடிக்காதே, நர்ஸைக் கூப்பிடு. நான் வீரன் மாதிரி பொறுத்துக்கொண்டு கிடந்து, வலி உச்சிக்குப் போனபிறகு கத்தி, வார்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன்.

முக்கியமானது, எழுந்திருக்கிற முறை. நான் படுத்திருந்த ஜன்னலுக்குக் கீழேதான் கம்பெனி பஸ்கள் எல்லாம் போகும். எனக்குப் பதில் என் பஸ்ஸை ஓட்டிய கார்முகில், அண்ணனுக்கு ஒரு வணக்கம் வைப்போம் என்று அங்கே வந்து நீளமாக ஹாரன் அடித்தான். இத்தனை வருஷம் ஓட்டிய வண்டியின் குரல் தெரியாதா, ஐயோ ஷிப்டுக்கு லேட் என்று விருட்டென்று நேராக எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகுதான் வயிறு என்று ஒன்றை வெட்டித் தைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஜெபகுமார் என்று ஒரு நர்ஸ் தம்பி ஓடி வந்து, "இன்னாண்ணே, நீ போவலன்னா கம்பெனிய மூடிடுவாங்களா? படுண்ணே" என்று திட்டிவிட்டுக் கற்றுக்கொடுத்தான். முதலில் ஒருக்களித்துப் படு, முழங்காலை மடக்கு, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டுக்கொண்டே முழங்கையை ஊன்றி எழுந்திரு. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். எனக்கு அங்கே இன்னொரு தலையணை கிடைக்கவில்லை, கார்முகில் பஸ் சீட்டில் நான் முதுகுக்கு வைக்கிற குட்டித் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தான். டீசல் வாசம் அடித்தாலும் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

டாக்டர் வரும்போதெல்லாம் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார். வெட்கப்படாதே, குடல் வேலைக்குத் திரும்பியதா என்று கேட்கிறார், அவ்வளவுதான். என் பக்கத்துக் கட்டிலில் சுடலைக்கண்ணு என்று ஒரு திருநெல்வேலிக்காரர், வால்வு கம்பெனியில் வேலை, குடலிறக்க ஆபரேஷன். "என்ன அண்ணாச்சி, ஒங்க பக்கம் ஒரு சத்தத்தையும் காணுமே" என்று காலையும் மாலையும் விசாரிப்பார். ஒருநாள் பிரிந்தது. சொல்வதற்கு ஆள் தேடித் திரும்பினேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? சந்தோஷத்தைத் தலையணையிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

உனக்குத் துளை போட்டுச் செய்வதால் வயிற்றுக்குள் காற்று அடைப்பார்களாம், அதனால் தோள்பட்டை வலிக்குமாம், பயந்துவிடாதே, நடக்க நடக்க அடங்கும். நடக்கச் சொன்னதும் நட, மூச்சை ஆழமாக இழுத்து விடு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதே. மலச்சிக்கல் வந்தால் முக்காதே, டாக்டரிடம் மருந்து கேள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டி எதையும் அவர் சொல்கிறவரை தொடாதே. காய்ச்சல் வந்தாலோ, புண் சிவந்து நீர் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது கொஞ்சம் ஊர் வம்பு. கோயிலுக்குப் போனேன் என்றேனே, அங்கே புளியோதரை வரிசையில் எனக்கு முன்னால் நின்றது யார் தெரியுமா? பூனாவில் உன் ரூமில் இருக்கிற நம் ஊர்க் கனிஷ்கா. "கூட கனிஷ்கா இருக்கா, நீ வரவேணாம்ப்பா" என்று நீ சொன்னாயே, அதே கனிஷ்கா. "இன்னாப்பா, எழிலு எப்டி கீறா? எனக்கு நிச்சயம் முடிஞ்சிடுச்சு, அடுத்த மாசம்தான் பூனா போறேன்" என்கிறது. உனக்கு ஆபரேஷன் என்பதே அதற்குத் தெரியவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். கோபம் இல்லை எழிலு. அது என் வசனம்மா. என்னிடமே திருப்பிச் சொல்கிறாய், அதுவும் என்னைவிட நன்றாக. ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது தையல் வலியோடு சேராத வேறு வலி.

அதனால் கார்முகிலிடம் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டேன், ரயிலில் டிக்கெட்டும் போட்டாயிற்று, ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் உன் வாசலில் நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல போன் செய்யாதே, எடுக்கமாட்டேன், எனக்கும் மீட்டிங். அந்தக் குட்டித் தலையணையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், டீசல் வாசம் மட்டும் போகவில்லை, பொறுத்துக்கொள். காற்று பிரிந்தால் முதலில் என்னிடம்தான் சொல்லவேண்டும், நடுராத்திரியானாலும் எழுப்பு.

முருகன் உனக்குத் துணை, நல்லபடியாக எழுந்து நடப்பாய். சாப்பிட்டுத் தூங்கு. ஆஸ்பத்திரியில் கூட ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொல், இந்தத் தடவை அது பொய்யில்லை.

இப்படிக்கு,
உன் கூட இருக்கப்போகிற ஆள்,
அப்பா முனிரத்தினம்