பூவோடு இலையும் மஞ்சள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் ராஜா மாதிரி இருக்கிறேன். போனில் சொன்னால் அத்தான் பக்கத்தில் நின்று சிரிப்பார், அதனால் எழுதுகிறேன்.

பங்களாத் தோட்டம் இப்போது என் ஆட்சி. கடல் மாதிரி இருக்கும். சரி, குளம் மாதிரி. நல்ல வெயிலில் மஞ்சள் பூச்செடிகள். "ஒருதடவை நட்டா வருஷா வருஷம் பூக்கும், கவனிப்பே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா வெளியூர் போனார். அக்காவின் கைராசி தம்பிக்கும் இருக்கும் என்று அளந்துவிட்டுத்தானே இந்த வேலையை வாங்கினேன்!

இப்போது பூவோடு இலையும் மஞ்சளாகிவிட்டது.

"அண்ணே, சும்மா விட்டாலே வளர்ற செடியத் தினமும் குளிப்பாட்டுறீங்களே!" என்கிறார் சமையல்காரர். அவரும் மதியமே கிளம்பிவிடுவார். அப்புறம் பேச ஆளில்லை. ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளிடம் நம் வீட்டுக் கதை சொல்வேன். கதை நீண்டால் தண்ணீரும் நீள்கிறது, நான் என்ன செய்ய?

அடுத்த வாரம் முதலாளியம்மா வருகிறார். செடி செத்தால் என்னையும் அனுப்பிவிடுவார். வேர் அழுகினால் நீ என்ன செய்வாய்? உடனே சொல்.

சாயங்காலம் தினமும் போன் பண்ணு அக்கா. அத்தான் சிரித்தாலும் பரவாயில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் குழாயைத் தொடமாட்டேன்.

அவசரத்துடன்,
உன் தம்பி